மூத்த மிலோங்கெரோக்களின் டாங்கோவைப் பதிவுசெய்து காப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் அயர்ஸில் மக்கள் கூடி, ஜோடி ஜோடியாக டாங்கோ நடனம் ஆடும் நிகழ்வுக்கு மிலோங்கா என்று பெயர். அங்கே பல பத்தாண்டுகளாக ஆடிப் பழுத்தவர்களை மிலோங்கெரோக்கள் என்றும், பெண்களானால் மிலோங்கெராக்கள் என்றும் அழைக்கிறார்கள். இவர்கள் மேடைக் கலைஞர்கள் அல்லர்; பகலில் பிழைப்புக்கு ஒரு வேலை பார்த்துவிட்டு இரவில் ஆடியவர்கள். இவர்களுடைய ஆட்டத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று ஆர்வத்தோடு வரும் புதியவர்கள் பெரும்பாலும் முதல் நாளே கேமராவை நிறுத்தி, 'ஆடிக் காட்டுங்கள்' என்று கேட்டுவிடுகிறார்கள். அப்படிக் கிடைக்கும் படத்தில் அந்தப் பெரியவர் இருப்பார். அவருடைய டாங்கோ இருக்காது. நானும் முதல் பதிவில் இதே தவற்றைச் செய்தேன். அதன் பிறகு பல பதிவுகளில் வேலை செய்தும், பிறர் தடுமாறியதை உடனிருந்து பார்த்தும் அமைத்துக்கொண்ட வரிசையைக் கீழே தருகிறேன். இதில் ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு வேண்டியதைத் தேடித் தருவதால், வரிசையை மாற்றாமல் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. எதைக் காக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்

சமூக டாங்கோவில் அடவுகளின் தொகுப்பு என்று ஒன்று இல்லை. ஆடுபவர் அந்தக் கணத்தின் இசைக்கும், கையணைப்பில் இருப்பவரின் உடலுக்கும், முன்னும் பின்னும் நகரும் ஜோடிகளுக்கும் ஏற்ப நடையை அப்போதைக்கப்போது அமைத்துக்கொள்கிறார். ஆகவே பதிவுசெய்ய வேண்டியவை நான்கு: அவர் அணைக்கும் விதம், இசையைக் கேட்கும் விதம், நெரிசலான தளத்தில் இடம் பிடித்து நகரும் விதம், மிலோங்காவில் நடந்துகொள்ளும் ஒழுங்கு. கால் அசைவு இந்த நான்கின் விளைவாகத்தான் வருகிறது.

இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. படப்பிடிப்பு நாளின் பரபரப்பில் எல்லோருடைய கண்ணும் கால்களுக்கே போய்விடும்.

2. முன்கூட்டியே வேண்டியவை

ஆட்களைப் பொறுத்தவரை மூன்று பேர் போதும். ஒருவர் பேச, ஒருவர் கருவிகளைப் பார்க்க, ஒருவர் பெரியவருடன் ஆட. ஆடுபவர் அந்தப் பெரியவருக்கு ஏற்கெனவே பழக்கமான ஜோடியாக இருந்தால் மிகவும் நல்லது. முன்பின் தெரியாத நல்ல ஆட்டக்காரியைவிட, தெரிந்த நடுத்தர ஆட்டக்காரியிடமே பெரியவர் இயல்பாக ஆடுவார்.

பேசுபவருக்குப் புவெனஸ் அயர்ஸின் ஸ்பானிஷ் தெரிந்திருக்க வேண்டும். அங்கே 'நீ' என்பதற்கு 'வோஸ்' என்பார்கள். வினைமுற்றும் அதற்கேற்ப மாறும். அத்துடன் லுன்ஃபார்தோ என்னும் நகரத்துக் கொச்சை வழக்கும் பேச்சில் கலந்து வரும். பாடப்புத்தக ஸ்பானிஷ் மட்டும் தெரிந்தவர் பாதிப் பேச்சைத் தவறவிடுவார்.

கருவிகளாக இரண்டு கேமரா, இரண்டு முக்காலி, அறையில் வைக்க ஒரு நல்ல மைக், நேர்காணலுக்குச் சட்டையில் குத்தும் ஒரு சிறிய மைக், இசைக்கு ஒரு ஒலிபெருக்கி ஆகியவை தேவை. ஒலியைச் சுருக்கப்படாத வேவ் வடிவில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பதிவுசெய்யுங்கள். எம்பி3 வடிவில் எடுத்தால் மூச்சும் காலணி உராய்வும் மங்கிவிடும்; இந்த வேலையில் அவை இரண்டும் முக்கியமானவை.

3. கேமரா இல்லாமல் நான்கு மாலைகள்

குறைந்தது நான்கு முறையாவது அவர் வழக்கமாகப் போகும் மிலோங்காவுக்கு வெறுங்கையோடு போங்கள். அவர் எந்த மேசையில் அமர்கிறார், எந்த இசைக்குழுவுக்கு எழுகிறார், எதற்கு எழாமல் இருக்கிறார், யாரை அழைக்கிறார் என்று கவனியுங்கள். பின்னால் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் இங்கேதான் கிடைக்கும்.

மிலோங்காவில் இசை 'டாண்டா' என்னும் தொகுதிகளாக ஒலிக்கும். டாங்கோ என்றால் பெரும்பாலும் நான்கு பாட்டுகள், எல்லாம் ஒரே இசைக்குழுவுடையவை. இரண்டு தொகுதிகளுக்கு இடையே 'கொர்த்தினா' என்னும் சிறு இசைத்துணுக்கு ஒலிக்க, தளம் காலியாகும். அழைப்பு தூரத்திலிருந்தே நடக்கிறது. முதலில் பார்வை, பிறகு ஒரு சிறு தலையசைப்பு. அதற்குக் 'கபெசெயோ' என்று பெயர். ஒருவர் முதல் பாட்டிலேயே எழுகிறாரா, அல்லது இசைக்குழு எது என்று காதில் வாங்கிய பிறகு எழுகிறாரா என்பதில் அவருடைய வாழ்நாள் ரசனை அடங்கியிருக்கிறது. இதை நேர்காணலில் கேட்டால் சொல்ல மாட்டார், ஏனென்றால் தாம் அப்படிச் செய்வது அவருக்கே தெரியாது.

புதியவர்கள் இந்த நான்கு மாலைகளை நேர விரயம் என்று கருதி முதலிலேயே வெட்டிவிடுகிறார்கள். 'பெரியவருக்கு வயதாகிறதே, சீக்கிரம் எடுத்துவிடலாமே' என்ற கவலை எனக்கும் புரிகிறது. ஆனால் அவசரமாக எடுத்த பத்து மணி நேரப் படத்தைவிட, தயாரிப்போடு எடுத்த ஒரு டாண்டா மதிப்பு மிக்கது. உடல்நிலை உண்மையிலேயே மோசமாக இருந்தால் மட்டும் இந்த மாலைகளை விட்டுவிட்டு நேராக 4-ஆம் படிக்குப் போகலாம். அப்போதும் 4-ஆம் படியை விட்டுவிடக் கூடாது.

4. ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்

அர்ஜென்டினாவில் 2015-இல் நடைமுறைக்கு வந்த சிவில், வணிகச் சட்டத் தொகுப்பின் 53-ஆம் பிரிவு, ஒருவருடைய உருவத்தையோ குரலையோ பதிவுசெய்ய அவருடைய ஒப்புதல் வேண்டும் என்கிறது. விதிவிலக்குகள் சில உண்டு என்றாலும் அவற்றை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். அவர் மறைந்த பிறகு வாரிசுகள் ஒப்புதல் தரலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் வாரிசுகளுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தால் பதிவு பெட்டியிலேயே கிடக்கும். அவர் நலமாக இருக்கும்போதே, பிள்ளைகளில் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு கையொப்பம் வாங்குவதே சரி.

படிவம் ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், அவர் மொழியில் இருக்கட்டும். யார் பார்க்கலாம், வகுப்புகளில் பயன்படுத்தலாமா, இணையத்தில் போடலாமா, பணம் வந்தால் யாருக்கு, மனம் மாறினால் எப்படித் திரும்பப் பெறுவது என்ற ஐந்துக்கும் தனித்தனியே 'ஆம்' அல்லது 'இல்லை' என்று குறிக்க இடம் விடுங்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கையொப்பம் வாங்கிக்கொள்வது பதிவுசெய்பவருக்கு வசதியாக இருக்கலாம். பெரியவருக்கு அது நியாயமாகாது. இவர்களுடைய நடையை வெளிநாட்டுப் பட்டறைகளில் மற்றவர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்பிப்பதும், அதில் இவர்களுக்கு ஒரு பெசோகூட வராததும் நடக்கிறது. அதனால் பணம் பற்றிய கேள்வியைக் கூச்சப்படாமல் முன்வையுங்கள்.

மிலோங்கா நடத்துபவரின் அனுமதி தனி. அங்கே ஆடுபவர்களில் தம் சொந்தக் காரணங்களுக்காகப் படத்தில் வர விரும்பாதவர்கள் எப்போதும் இருப்பார்கள். முன்கூட்டியே அறிவித்து, விரும்பாதவர்கள் அமரக் கேமராவுக்குப் பின்னால் மேசைகளை ஒதுக்குங்கள்.

5. இசையை ஒலிக்கவிட்டு நேர்காணல் செய்யுங்கள்

இந்தப் படி படப்பிடிப்புக்கு முன்னால் வர வேண்டும். எதைப் படம்பிடிப்பது என்பதை இதுதான் உங்களுக்குச் சொல்லித் தருகிறது.

'டாங்கோ என்றால் உங்களுக்கு என்ன?' என்று தொடங்காதீர்கள். பலரிடம் பல முறை சொல்லிப் பழகிய பதில் அப்படியே வரும். கேள்விக்குப் பதிலாக இசையை ஒலிக்கவிடுங்கள். பழைய டாங்கோ இசைக்குழுத் தலைவர்களில் துடிப்பான தாளத்துக்கு ஹுவான் தாரியென்ஸோ, நீண்ட நடைக்குக் கார்லோஸ் தி சார்லி, துருத்தியால் ஒலிக்கும் பந்தோனியோன் வாத்தியத்துக்கும் பாடகர்களுக்கும் அனிபல் த்ரோய்லோ, கனமான தாள அழுத்தத்துக்கு ஒஸ்வால்தோ புக்லியேசே, பாட்டின் சொல்லுக்கு ஆஞ்ஹெல் தகொஸ்தினோ குழுவில் பாடிய ஆஞ்ஹெல் வர்காஸ் என்று ஐந்து ஒலிப்பதிவுகள் போதும். ஒவ்வொன்றையும் முழுமையாக ஒலிக்கவிட்டு, அது முடியும்வரை நீங்கள் பேசாமல் இருங்கள்.

ஒரு சந்திப்பில் தி சார்லியின் இசை தொடங்கியதும், எதிரில் இருந்த பெரியவர் பேச்சை நிறுத்திவிட்டுத் தம் வலது உள்ளங்கையை என் முன்கையின் மேல் விரித்து வைத்தார். பியானோ இறங்கி வரும் இடங்களில் உள்ளங்கையின் அழுத்தம் மெல்லக் கூடியது. ஒரு வாக்கியம் முடியும் இடத்தில் விரல்கள் மட்டும் தளர்ந்தன, கை நகரவில்லை. மூன்று நிமிடம் கழித்து, 'இவ்வளவுதான்' என்றார். அவர் காலெடுத்து வைக்கும் நேரம் முழுவதும் அந்த அழுத்தத்தில் இருந்தது. கேமரா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்கு அது நினைவாக மட்டுமே மிஞ்சியது. அன்று முதல் ஒரு கேமராவை முகத்துக்கும் மற்றொன்றை மேசைமேல் உள்ள கைகளுக்கும் வைக்கிறேன்.

இசைக்குப் பிறகு இடம். அவர் ஆடிய கூடங்களைத் தாளில் வரையச் சொல்லுங்கள்: கதவு எங்கே, இசைக்குழு எங்கே, பெண்கள் அமர்ந்த வரிசை எங்கே, தரை மரமா ஓடா சிமென்ட்டா. நகர மையத்தின் சிறிய கூடங்களில் ஆடியவர்கள் மார்போடு மார்பு சேர்த்துச் சின்ன அடி வைத்தார்கள். வில்யா உர்கீசா போன்ற வட்டாரங்களின் விளையாட்டுக் கிளப்புகளில் தளம் அகலமாக இருந்ததால் அங்கே நடை நீண்டது. அந்த வட்டாரத்தின் சண்டர்லாண்ட் கிளப்பில் மிலோங்கா நடப்பதே கூடைப்பந்துத் தளத்தில்தான். எனவே 'உங்கள் பாணி என்ன?' என்று கேட்பதைவிட 'உங்கள் தரை எப்படி இருந்தது?' என்று கேட்பது அதிகம் தரும்.

கட்டாயம் கேட்க வேண்டிய இன்னும் மூன்று உண்டு. யாரிடம், எந்தப் பாத்திரத்தில் (வழிநடத்துபவராகவா, பின்தொடர்பவராகவா) முதலில் கற்றார்? அந்நாளில் ஆண்கள் 'பிராக்திகா' என்னும் பயிற்சிக் கூடங்களில் ஆண்களோடே பழகினார்கள். முதலில் பின்தொடரக் கற்று, அதன் பிறகே வழிநடத்தினார்கள். எந்த ஆண்டுகளில் ஆடாமல் இருந்தார், ஏன்? 1950-களின் பிற்பகுதியிலிருந்து கூடங்கள் குறைந்து, பலர் ஆட்டத்தை விட்டுவிட்டு 1980-களுக்குப் பிறகு திரும்பியவர்கள். மூன்றாவது, அவருடைய பட்டப்பெயரும் அது வந்த கதையும். கார்லோஸ் எஸ்தேவெஸ் என்றால் தெரியாதவர்களுக்கும் 'பெத்ரோலியோ' என்றால் தெரியும். பெத்ரோ ருஸ்கோனியை 'தேத்தே' என்றுதான் உலகம் அறிந்தது. இயற்பெயரை மட்டும் எழுதி வைத்தால் பிற்காலத்தில் தேடுபவருக்கு ஆள் அகப்படமாட்டார்.

ஒரு அமர்வு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். களைத்த பிறகு நினைவு குழம்பும். அதைவிட, உங்களை மகிழ்விக்க வேண்டும் என்பதற்காகவே பதில் சொல்லத் தொடங்கிவிடுவார்.

6. படப்பிடிப்பு: வெற்றுத் தளத்தில் எடுக்காதீர்கள்

இந்த வேலையில் நான் பார்த்த மிகப் பெரிய தவறு இதுதான். வெளிச்சம் நன்றாக இருக்கிறது, இடைஞ்சல் இல்லை என்று காலிக் கூடத்தில் ஒரே ஜோடியை ஆடவிட்டுப் படம் எடுக்கிறார்கள். பெரியவருடைய சின்ன அடிகள், நிறுத்தங்கள், அரைத் திருப்பங்கள் எல்லாமே நெரிசலுக்கு அவர் கண்ட விடைகள். நெரிசலை எடுத்துவிட்டால், விடை சொல்ல அவருக்குக் கேள்வியே இருக்காது. அப்போது கேமராவுக்காக மேடை அசைவுகளைச் செய்து காட்டுவார். 'உங்கள் சிறந்த அடவுகளைக் காட்டுங்கள்' என்று கேட்டால் நிச்சயமாக அதுதான் நடக்கும்.

எனவே ஏழெட்டு ஜோடிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தரையில் நாற்காலிகளால் ஒரு சிறிய செவ்வகத்தை எல்லையிட்டு, எல்லோரையும் அதற்குள் 'ரோண்டா'வாக, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றவிடுங்கள். சக ஜோடிகள் ஒழுங்கு தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். முந்திச் செல்பவர் ஒருவர் இருந்தாலும் பெரியவர் தற்காப்பாக ஆடத் தொடங்குவார்.

முதல் கேமராவைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், முழு உடலும் தெரியும் தொலைவில் நிறுத்துங்கள். ஆள் உயரத்திலிருந்து கீழ்நோக்கி எடுத்தால் கால்கள் குறுகித் தெரியும். இரண்டாவது கேமரா மாடத்திலோ படிக்கட்டிலோ இருந்து மொத்த ரோண்டாவையும் பார்க்கட்டும். அவர் முன்னால் எவ்வளவு இடைவெளி விடுகிறார், எப்போது காத்திருக்கிறார் என்பது மேலிருந்துதான் தெரியும். நொடிக்கு 50 அல்லது 60 சட்டகம் இருந்தால் பாதம் தரையைத் தொடும் நேரத்தைப் பின்னால் அளந்து பார்க்க முடியும். நெருக்கிக் காட்டுவதும் வெட்டி ஒட்டுவதும் வேண்டாம்.

கேமராவை இசைக்கு முன்பே ஓடவிடுங்கள். புவெனஸ் அயர்ஸில் பாட்டு தொடங்கிய உடனே யாரும் ஆடுவதில்லை. ஜோடிகள் நின்று சில விநாடிகள் பேசிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு மெதுவாக அணைப்புக்குள் வருகிறார்கள். அந்த அணைப்பு உருவாகும் விதத்தைப் பார்க்காதவர் அதற்குப் பிறகு வரும் நடையைப் புரிந்துகொள்வது கடினம். டாண்டா முடிந்ததும் அவர் பெண்ணை மேசைவரை கொண்டுபோய் விடுவதும் பதிவாகட்டும்.

ஆடும்போது சட்டை மைக் வேண்டாம். நெருங்கிய அணைப்பில் அது துணியோடு உரசி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அறை மைக் போதும். நான்கு பாட்டு கொண்ட ஒரு டாண்டா ஏறத்தாழ 12 நிமிடம் ஓடும். எண்பதைத் தாண்டியவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு டாண்டா போதும். இடையே அரை மணி நேரம் உட்காரவிடுங்கள். காலணியை அவருடைய சொந்தக் காலணியாகவே விடுங்கள். தோல் அடி தேய்ந்திருக்கும் இடங்களைத் தனியே ஒரு புகைப்படம் எடுத்து வைத்தால், எடை எங்கே விழுகிறது, எங்கே சுழல்கிறார் என்பதற்கு அது சாட்சி.

7. பெண்களைத் தனியாகச் சந்தியுங்கள்

இருக்கும் பதிவுகளில் பெரும்பகுதி ஆண்களுடையது. ஜோடியாக உட்கார வைத்துப் பேசினால் ஆண் பேசுவார், பெண் தலையசைப்பார். ஆகவே மிலோங்கெராக்களுடன் தனி நாளில், தனி அறையில் பேசுங்கள்.

அவர்கள் கற்ற வழியும் வேறு. பயிற்சிக் கூடங்கள் ஆண்களுக்கானவையாக இருந்ததால், வீட்டுச் சமையலறையில் அண்ணனிடமோ மாமனிடமோ தகப்பனிடமோ கற்றவர்கள் அதிகம். நடனத்துக்குத் தாயின் துணையோடு வந்தவர்கள். பத்து ஆண்களுடன் ஆடிய பெண்ணுக்குப் பத்துப் பேருடைய அணைப்பின் வேறுபாடும் தெரியும். இப்போது உயிரோடில்லாத ஒரு மிலோங்கெரோவின் அணைப்பைப் பற்றி அறிய அவருடன் ஆடிய பெண்ணைத் தவிர வேறு வழியில்லை. 'அவர் கை முதுகில் எங்கே இருந்தது? மூச்சு விடும்போது என்ன ஆகும்? நடக்கும் முன் உங்களுக்கு எது தெரிவித்தது?' என்று கேளுங்கள். என் அனுபவத்தில் இத்தனை துல்லியமான பதில்கள் வேறு யாரிடமிருந்தும் கிடைத்ததில்லை.

8. உடலிலிருந்து உடலுக்கு

படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அழுத்தத்தையும் எடை மாற்றத்தையும் காட்டாது. அதனால் இளம் ஆட்டக்காரர் இருவரையாவது அவரிடம் அனுப்புங்கள். பழைய பயிற்சிக் கூடத்து முறைப்படியே, அவர் வழிநடத்த, இளைஞர் முதலில் பின்தொடரட்டும். நடையை உள்ளிருந்து உணர்ந்த பிறகு பாத்திரத்தை மாற்றி, இளைஞர் வழிநடத்த, பெரியவர் பின்தொடர்ந்து திருத்தட்டும். வாரம் ஒரு மணி நேரமாக இரண்டு மூன்று மாதம் நடந்தால் நல்லது.

ஒவ்வொரு சந்திப்பு முடிந்ததும், வீடு போய்ச் சேரும் முன்பே, இளைஞர் தம் உடலில் உணர்ந்ததைக் கைப்பேசியில் பேசிப் பதிவுசெய்ய வேண்டும். மறுநாள் என்றால் அது விளக்கமாக மாறிவிடும். இதற்கு உரிய கூலியைப் பெரியவருக்குக் கொடுங்கள்.

9. ஆண்டுகளைச் சரிபாருங்கள்

நினைவு பொய் சொல்வதில்லை என்றாலும் ஆண்டுகளை நகர்த்தி வைக்கும். 1940-இல் பிறந்தவருக்கு 1955-இல் 15 வயதுதான். ஆகவே 1940-களின் பெரிய நடன இரவுகளைப் பற்றி அவர் சொல்வது அண்ணனிடமோ தந்தையிடமோ கேட்டதாக இருக்கலாம். அதுவும் மதிப்புள்ளதே, கேட்டது என்று குறித்து வையுங்கள். தி சார்லி 1960-இலும், த்ரோய்லோ 1975-இலும், தாரியென்ஸோ 1976-இலும், புக்லியேசே 1995-இலும் மறைந்தார்கள். நேரில் கேட்டேன் என்று அவர் சொல்லும் ஆண்டை இவற்றோடு ஒப்பிடுங்கள். கிளப் உறுப்பினர் அட்டை, புகைப்படத்தின் பின்பக்க எழுத்து, திருவிழா நடன நுழைவுச்சீட்டு ஆகியவை இருந்தால் இன்னும் உறுதியாகும்.

முரண்பாடு கண்டால் அவரை எதிர்த்து வாதிடாதீர்கள். எழுத்தாக்கத்தில் அவர் சொன்னதை அப்படியே விட்டு, பக்கத்தில் உங்கள் குறிப்பை எழுதுங்கள். கொச்சை வழக்கைத் திருத்துவதும் கூடாது.

10. கோப்புகள், இசை உரிமை, ஒப்படைப்பு

கோப்பின் பெயரில் தேதி, பட்டப்பெயர், இடம், இசைக்குழு நான்கும் இருக்கட்டும். மூன்று நகல்கள், இரண்டு வகை ஊடகங்கள், அவற்றில் ஒன்று வேறு கட்டடத்தில். ஒரே ஹார்டு டிஸ்க்கை நம்பி ஒரு முழுக் கோடைக்காலப் பதிவையும் இழந்த குழுவை எனக்குத் தெரியும்; படம்பிடிக்கப்பட்டவர்களில் இருவர் அதற்குள் மறைந்துவிட்டிருந்தார்கள்.

இணையத்தில் ஏற்றும் முன் இசை உரிமையைப் பாருங்கள். அர்ஜென்டினாவில் ஒலிப்பதிவுகளுக்கான காப்புக்காலம் 2009-இல் 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக நீட்டிக்கப்பட்டது. இயற்றியவரின் உரிமை அவர் மறைவுக்குப் பின் 70 ஆண்டு. ஆகவே ஒலிப்பதிவு பழையதாக இருந்தாலும் பாட்டு உரிமைக்குட்பட்டிருக்கலாம். முழு ஒலியுடன் ஒரு காப்பகப் பிரதியும் பொதுப் பார்வைக்குத் தனிப் பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள். காப்பகப் பிரதியை ஒருபோதும் ஊமையாக்காதீர்கள். இசை இல்லாத டாங்கோப் படத்திலிருந்து எதையும் கற்க முடியாது.

ஒப்படைக்கும் இடத்தை வேலை தொடங்கும் முன்பே பேசி வையுங்கள். 1990-இல் நிறுவப்பட்ட தேசிய டாங்கோ அகாதமி போன்ற நிறுவனங்களை அணுகலாம். அவர் ஆடிய வட்டாரக் கிளப்புக்கும் ஒரு பிரதி போக வேண்டும், ஏனென்றால் அவரைத் தேடி வருபவர்கள் முதலில் வந்து விசாரிப்பது அங்கேதான்.

கடைசியாக, வெட்டப்படாத ஒரு முழுப் பிரதியை அவர் வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடும் வடிவில் கொண்டுபோய், அவரோடு உட்கார்ந்து பாருங்கள். அப்போதும் ஒலிப்பதிவுக் கருவி ஓடட்டும். தம் ஆட்டத்தைத் தாமே பார்க்கும்போது, 'இங்கே நான் காத்திருந்தது முன்னால் போன ஜோடிக்காக இல்லை, அவள் மூச்சு விடுவதற்காக' என்பது போன்ற ஒரு வாக்கியம் வரும். அது எந்த நிமிடம், எந்த விநாடிக்கு உரியது என்பதைக் கோப்பில் குறித்த பிறகே அந்தப் பதிவை முடிந்ததாகக் கணக்கில் சேருங்கள்.